ஒற்றைக்கை வீரனும் நீள்கை யோகியும்

இருவர் தம்முட் பொருமிடத்துப் பலர் வந்து கூடுதல் உலகியல்பு. அக்கூட்டத்தின் ஆரவாரமும், வென்றார்க்கும் தோற்றார்க்கும் உரியோரின் நெஞ்சத் துடிப்பும் இலக்கியப் பொருளானமை தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 80 முதல் 85 வரையான ஆறு பாடல்களும் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பொருளாகக் கொண்டு எழுந்தவை. ஆமூர் மல்லனை அவன் மற்போரிற் பொருது வென்றமையைச் சாத்தந்தையார் பாடினார். அவன்பாற் காதல் கொண்ட நக்கண்ணையார் தம் உள்ளத்தையும் ஊராரின் பேச்சையும் பாடினார். பல்லவருள் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்னும் விருதுப்பெயர் பூண்டான். மாமல்லபுரம் அப்பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. களத்திற் பொருதலைக் காணும் இவ்வேட்கையே இருபதாம் நூற்றாண்டில் திரைப்படத்தின் வாயிலாகப் புதுவடிவம் பெற்றது. அவ்வடிவங்களுள் ஒன்று, பலநாட்டு வீரரும் ஒரு களத்திற் கூடித் தத்தம் போர்க்கலையைக் காட்டும் சுற்றுப்போட்டிப் படமாகும்.

இவ்வகைப் படங்கள் பெரும்பாலும் குறைந்த முதலிட்டு விரைவில் எடுக்கப்பட்டவை. கற்றோர் அவற்றை ஆராய்ச்சிக்குரியனவாகக் கொள்வது அரிது. அவற்றின் இரண்டாம் பாகமோ அவற்றினும் கீழாகவே மதிக்கப்படுவது. எனினும், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த அன்புவழிபுரத்தில் வாழும் ஒரு மாணவன், அரை நூற்றாண்டுக்கு முன்னர்த் தைவானில் எடுக்கப்பட்ட படத்தைத் தன் கைத்தொலைபேசியிலேயே கண்டுவிடக்கூடிய காலம் இது. அவன் காணும் படத்தில் 'இந்தியன்' ஒருவன் வருகிறான். அவன் யோகி எனப்படுகிறான். அவனுடைய கைகள் வேண்டியபோது இருமடங்காக நீள்கின்றன. அதனைக் கண்டு சிரிப்பதா, சினப்பதா, பெருமைப்படுவதா என்னும் வினா அம்மாணவனுக்கு எழுதல் இயல்பே. அவ்வினாவுக்கு விடை காண்டற்கு அப்படம் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு அமைந்தது என்பவற்றை முதற்கண் அறிதல் வேண்டும்.

சுற்றுப்போட்டிப் படத்தின் அமைப்பு

குறைந்த முதலுடையார் சுற்றுப்போட்டிக் கதையை நாடுவதற்குத் தக்க காரணங்கள் உள. முதலாவது, இடம் ஒன்றே போதும். ஒரு முற்றம், ஒரு மேடை, சுற்றிலும் சில இருக்கைகள் ஆகியவை அமைந்துவிட்டாற் படத்தின் பெரும்பகுதியை அங்கேயே எடுத்து முடிக்கலாம். இரண்டாவது, கதையை நடத்திச் செல்லும் பொறுப்பைப் போட்டியின் ஒழுங்கே ஏற்றுக்கொள்கிறது. முதற் சுற்றுக்குப் பின் இரண்டாஞ் சுற்று, அதன்பின் இறுதிச் சுற்று என்னும் வரிசை காண்போர்க்கு முன்னரே தெரிந்ததாகலின், நிகழ்ச்சிகளைக் காரண காரியத் தொடர்பால் பிணைக்கும் உழைப்பு எழுதுவோர்க்குக் குறைகிறது. மூன்றாவது, பெயர்பெற்ற நடிகர் பலர் வேண்டுவதில்லை. மெய்யாகவே போர்க்கலை பயின்றோர் சிலர் போதும். நான்காவது, கைகால்களின் போருக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. ஆகவே அத்தகைய படம் எந்நாட்டுக்கும் எளிதில் விலைப்படும்.

இவ்வமைப்பினை உலகெங்கும் பரப்பிய படம் 1973ஆம் ஆண்டில் வெளிவந்த 'என்டர் த டிராகன்' ஆகும். ஏறத்தாழ 850,000 அமெரிக்க டொலர் செலவில் எடுக்கப்பட்ட அப்படம், ஒரு தீவின் தலைவன் நடத்தும் போட்டிக்குப் பலநாட்டு வீரரும் அழைக்கப்படுவதாகக் கதை கொண்டது. அதன் நாயகராகிய புரூஸ் லீ, படம் திரைக்கு வருமுன்னரே, அவ்வாண்டு யூலை 20ஆந் திகதி ஹொங்கொங்கிற் காலமானார். பின்வந்த 'பிளட்ஸ்போர்ட்' (1988) முதலிய படங்கள் பலவும் இவ்வழியிலேயே நடந்தன.

இவ்வெளிமைக்கு ஒரு விலையும் உண்டு. எட்டு அல்லது பத்து வீரரை ஒரே படத்தில் அறிமுகஞ் செய்ய வேண்டியிருத்தலின், ஒவ்வொருவர்க்கும் சில கணங்களே கிடைக்கின்றன. அக்குறுகிய நேரத்தில் ஒருவனை மற்றொருவனினின்றும் பிரித்துக் காட்டுதற்கு நாடும் உடையும் ஒரு விந்தையான ஆற்றலுமே கருவிகளாகின்றன. இங்ஙனம், தாய்லாந்து வீரன் என்றால் முழங்காலால் இடிப்பவன், யப்பானியன் என்றால் கரவுடையவன், இந்தியன் என்றால் மாயம் வல்லவன் என ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அடையாள முத்திரை குத்தப்படுகிறது. செலவைச் சுருக்க வந்த முறை மனிதரையுஞ் சுருக்கிவிடுகிறது.

இரண்டாம் பாகத்தின் இடர்ப்பாடு

போட்டிக் கதையின் இயல்பான முடிவு வெற்றி. நாயகன் அனைவரையும் வென்றபின் கதைக்கு எஞ்சுவது யாதும் இல்லை. ஆயினும், முதற்படம் பொருள் ஈட்டித் தந்ததாயின், தயாரிப்பாளர் இரண்டாவதை எடுக்க விரும்புவர். வென்றவனை மீண்டும் களத்தில் இறக்குவது எவ்வாறு என்பதே இரண்டாம் பாகத்தின் இடர்ப்பாடு. இதனைத் தீர்க்கப் படவுலகம் மூன்று வழிகளைக் கையாண்டுள்ளது.

முதல் வழி, பழைய பெயரை வைத்துக்கொண்டு புதிய நாயகனைப் புகுத்துதல். 'பிளட்ஸ்போர்ட்' படத்தின் இரண்டாம் பாகம் 1996ஆம் ஆண்டில் வந்தபோது, முதற்பாகத்தின் நாயகராகிய ஷோன் குளோட் வான் டாம் அதில் இல்லை. டானியல் பேர்ன்ஹார்ட் என்னும் வேறொருவர் நடித்தார். 1991ஆம் ஆண்டின் 'கிக்பொக்சர் 2' படத்திலோ, முதற்பாகத்து வீரர் இடைக்காலத்திற் கொல்லப்பட்டனர் என்று சொல்லி, அவர்தம் இளைய உடன்பிறந்தான் ஒருவனை நாயகனாக்கினர். இரண்டாம் வழி, களத்தை விட்டு வேறிடம் நாடுதல். 'கராட்டி கிட்' (1984) ஒரு சுற்றுப்போட்டியில் முடிந்தது. 1986ஆம் ஆண்டின் இரண்டாம் பாகம் போட்டியை விட்டு ஆசிரியரின் பிறப்பிடமாகிய ஒக்கினாவாவுக்குச் சென்றது. மூன்றாம் வழி, தோற்றவனுக்கு உரியோர் பழிவாங்க வருதல். இதுவே மிகப் பழையது. மகாபாரதத்தில் துரோணர் இறந்தபின் அசுவத்தாமன் நள்ளிரவிற் பாசறை புகுந்ததும் இவ்வகையினதே.

மூன்றாம் வழியைக் கைக்கொண்ட படங்களுள் விந்தைமிக்கது, 1976ஆம் ஆண்டில் வெளிவந்த 'மாஸ்டர் ஒப் த பிளையிங் கில்லட்டின்' என்பது. 'பறக்கும் தலைக்கொய்தியின் தலைவன்' என அதனைத் தமிழிற் கூறலாம். சீனமொழியில் அதன் பெயர், ஒற்றைக்கைக் குத்துவேந்தன் 'குருதித்துளி' என்னும் கருவியை முறியடித்தல் எனப் பொருள்படும்.

வாங் யூவும் அவர்தம் படமும்

இப்படத்தை எழுதி, இயக்கி, நாயகனாகவும் நடித்தவர் ஜிம்மி வாங் யூ. 1943ஆம் ஆண்டிற் பிறந்த இவர், ஹொங்கொங்கின் ஷோ சகோதரர் நிறுவனத்திற் புகழ்பெற்றார். 1967இல் வெளிவந்த 'ஒற்றைக்கை வாள்வீரன்' என்னும் படமே இவரைப் பெருநடிகராக்கியது. அது ஹொங்கொங்கில் பத்து இலட்சம் உள்நாட்டு டொலருக்கு மேல் ஈட்டிய படமெனப் போற்றப்படுகிறது. 1970இல் 'சீனக் குத்துவீரன்' என்னும் படத்தைத் தாமே இயக்கி, வாளின்றி வெறுங்கையாற் பொரும் படங்களின் பெருக்கத்துக்கு வழிதிறந்தார். பின்னர் ஷோ நிறுவனத்தோடு உடன்படிக்கை குறித்து முரண்பட்டு வெளியேறித் தைவானைத் தளமாகக் கொண்டார்.

வெளியேறியவர் தம் புகழுக்குக் காரணமான ஒற்றைக்கையை விட்டுவிடவில்லை. வாளை மட்டும் நீக்கி, 1970களின் தொடக்கத்தில் 'ஒற்றைக்கைக் குத்துவீரன்' என்னும் படத்தை ஆக்கினார். அதில் நாயகன் எதிரியால் ஒரு கையை இழந்து, எஞ்சிய கையை நெருப்பிலிட்டு நரம்புணர்ச்சி கெடுமாறு பயிற்றி, எதிரி கூலிக்கு அமர்த்திய பலநாட்டு வீரரையும் ஒருவர்பின் ஒருவராக வெல்கிறான். அவ்வீரருள் திபெத்திய இலாமாக்கள் இருவரும், தாய்லாந்து வீரரும், இந்திய யோகி ஒருவனும் இருந்தனர். இப்படத்தின் இரண்டாம் பாகமே பறக்கும் தலைக்கொய்திப் படம்.

அக்கருவியையும் வாங் யூ தாமாகப் புனையவில்லை. 1975ஆம் ஆண்டில் ஷோ நிறுவனமே 'பறக்கும் தலைக்கொய்தி' என்னும் படத்தை வெளியிட்டிருந்தது. சங்கிலியில் கோத்து எறியப்பட்டு, எதிரியின் தலைமேற் கவிந்து, உள்ளிருக்கும் அலகுகளாற் கழுத்தைத் துணிக்கும் கூடை போன்றதொரு கருவி அது. 1722 முதல் 1735 வரை ஆண்ட யொங்செங் பேரரசரின் ஒற்றர் அதனைக் கையாண்டனர் என்பது பொதுமக்கள் வழக்கிலும் கதைநூல்களிலும் வழங்கிய செய்தி, வரலாற்றுச் சான்றுடையதன்று. ஆக, தமது முதற்படத்தின் கதை, பழைய நிறுவனத்தின் கருவி, மக்கள் வாய்வழக்கு ஆகிய மூன்றையும் சேர்த்து இவர் இரண்டாம் பாகத்தை அமைத்தார். இசையையும் அவர் புதிதாக ஆக்குவித்தாரல்லர்; செருமனியின் 'நொய்' என்னும் குழுவினர் போன்றோரின் இசைத்தட்டுகளிலிருந்து எடுத்துப் பயன்படுத்தினார். அங்ஙனம் எடுத்தாளப்பட்ட இசைப்பகுதி ஒன்றை அமெரிக்க இயக்குநர் குவென்டின் டரன்டினோ தமது 'கில் பில்' படத்தின் முதற்பாகத்தில் (2003) மீண்டும் சேர்த்தமை, இப்படத்தின்மீது அவர்க்கிருந்த விருப்பினைக் காட்டும்.

கதையோ சுருங்கியது. முதற்பாகத்தில் நாயகனாற் கொல்லப்பட்ட இலாமாக்கள் இருவர்க்கும் ஓர் ஆசிரியர் இருந்தார். அவர் கட்புலனற்ற முதியவர். பேரரசின் கொலைஞராகப் பணிபுரிந்தவர். செவிப்புலனாலேயே குறிதப்பாது தலைக்கொய்தியை எறிபவர். மாணாக்கர் இறந்த செய்தி வந்ததும், மலையில் இருந்த தம் குடிலைத் தாமே அழித்துவிட்டுப் பழிவாங்கப் புறப்படுகிறார். பகைவன் ஒற்றைக்கையன் என்பதொன்றே அவர் அறிந்தது. ஆதலின், ஒற்றைக்கையன் எவன் எதிர்ப்பட்டாலும் அவன் தலையைக் கொய்கிறார். இந்நிலையில், ஊரில் ஒரு போர்க்கலைக் கூடத்தார் சுற்றுப்போட்டி நடத்துகின்றனர். பலநாட்டு வீரரும் அங்கு வருகின்றனர்.

போட்டி ஒரு பாடமாதல்

ஈண்டே இப்படத்தின் நுண்மை விளங்கும். பிற படங்களில் நாயகன் போட்டியிற் பொருவான். இறுதிச் சுற்றில் வெல்வான். இப்படத்தின் நாயகனோ போட்டியில் இறங்குவதில்லை. தன் மாணாக்கரோடு வந்து பார்வையாளனாக அமர்கிறான். போட்டி படத்தின் முற்பகுதியிலேயே நிகழ்கிறது. கட்புலனற்ற முதியவர் இடையிற் புகுந்து போட்டியாளனாகிய ஒற்றைக்கையன் ஒருவனைக் கொல்ல, அது குலைந்தும் விடுகிறது. இறுதிச் சுற்று என்பதே இல்லை.

அங்ஙனமாயின் போட்டியால் யாது பயன்? அது நாயகனுக்கும் காண்போர்க்கும் ஒருங்கே பாடமாகிறது. ஒவ்வொரு வீரனும் எவ்வாற்றான் வலியன் என்பதும், அவ்வலிமை எதனைச் சார்ந்து நிற்கிறது என்பதும் அங்கே வெளிப்படுகின்றன. பிற்பகுதியில் அவ்வீரர் முதியவரோடு சேர்ந்து நாயகனை எதிர்க்கும்போது, முன்னர்க் கற்ற பாடத்தை அவன் பயன்படுத்துகிறான். தாய்லாந்து வீரன் வெறுங்காலினன். அவன் வலிமை முழுதும் காலிலேயே உள்ளது. ஆகவே நாயகன் அவனை இரும்புத் தளமிட்ட ஒரு குடிலுக்குள் அழைத்துக் கதவடைத்து, கீழே நெருப்பு மூட்டுவிக்கிறான். காலணி அணிந்த நாயகன் நிற்க, வெறுங்காலினன் நிற்க இடமின்றித் துள்ளி மடிகிறான். கட்புலனற்றவரின் கருவிக்கு எதிராக மூங்கிற் கழிகளை நீட்டி அதன் அலகுகளை முறிக்கிறான். பின்னர், சவப்பெட்டி செய்யும் கடையொன்றில் விசையோடு பாயும் கோடரிகளை மறைத்து வைத்து அவரை வெல்கிறான்.

ஒரு கை இல்லாதவன் இரு கை உடையோரை வெல்லுதற்கு உடல்வலி போதாது, இடனறிதல் வேண்டும். வள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த முறைமை இங்கு நினைக்கத்தக்கது. படத்தின் முற்பகுதி வலியறிதல், பிற்பகுதி இடனறிதல். குடிலும், மூங்கிலும், சவப்பெட்டிக் கடையும் விலையுயர்ந்த அரங்குகள் அல்ல. முதலின் வறுமையைக் கருத்தின் வளத்தால் ஈடுசெய்தமையே இப்படம் அரை நூற்றாண்டின் பின்னரும் பேசப்படுவதற்குக் காரணம்.

ஆயினும் இந்நுண்மையில் ஓர் அறக்குறையும் உண்டு. எதிரியின் காலைச் சுட்டுக் கொல்லுதல் வீரமா, வஞ்சனையா என்னும் ஐயம் காண்போர்க்கு எழாமற் போகாது. படம் அவ்வையத்தைத் தீர்க்க முயலவில்லை. தோற்றவர் அயல்நாட்டார் என்பதொன்றே அவர்தம் இறப்பை எளிதிற் கடந்து செல்லப் போதுமென அது கருதியது போலும்.

நீள்கை யோகி

இனி, இந்திய வீரனைப் பற்றி நோக்குவது முறை. தலைப்பாகையும் கரியநிறப் பூச்சுமாக, சீன நடிகர் ஒருவரே அவ்வேடத்தை ஏற்றார். அவன் கைகள் நீண்டு எதிரியைப் பற்றுகின்றன. 1991ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய கப்கொம் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் பைட்டர் 2' என்னும் கணினி விளையாட்டில் வரும் 'தால்சிம்' என்ற இந்திய யோகிக்கு இவனே முன்மாதிரி எனக் கருதப்படுகிறது. தால்சிமின் கைகால்களும் நீள்வன. வாயினின்று தீயும் எழும். உலகெங்கும் இளைஞர் பலர்க்கு யோகம் என்னுஞ் சொல் முதன்முதல் இவ்வாறே அறிமுகமாயிற்று.

யோகத்தோடு இவ்வுருவுக்கு யாதேனும் தொடர்பு உண்டா? முற்றிலும் இல்லை எனல் இயலாது. அணிமா, மகிமா, இலகிமா முதலிய எண்சித்திகளைப் பற்றித் திருமூலர் திருமந்திரத்திற் கூறுகிறார். உடலை நுண்ணிதாக்கலும் பெரிதாக்கலும் அவற்றுள் அடங்கும். கைநீளுதல் மகிமா என்னும் சித்தியின் கொச்சை வடிவம் எனலாம். ஆனால், பதஞ்சலி முனிவர் யோகசூத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் இத்தகைய ஆற்றல்கள் சமாதிக்கு இடையூறு என்றே கூறினார். மேலும், யோகத்தின் எட்டு உறுப்புக்களுள் முதலாவதாகிய இயமம் கொல்லாமையிலிருந்து தொடங்குகிறது. கொல்லாமையை முதற்படியாகக் கொண்ட நெறியினன் கொலைப்போட்டிக்கு வந்தான் என்பது, அந்நெறியை அறிந்தோர்க்கு நகைப்பையே விளைக்கும்.

ஆழ்ந்து நோக்குவார்க்கு மற்றொன்றும் புலப்படும். படத்தின் தொடக்கத்தில் சீன நாயகன் தன் மாணாக்கர்க்கு மூச்சடக்கும் முறையைக் கற்பிக்கிறான். அதன் பயனாகத் தன் உடலின் கனத்தைக் குறைத்துச் சுவர்மீதும் கூரையின் உட்புறத்தும் நடந்து காட்டுகிறான். இஃது இலகிமா என்னும் சித்தியேயன்றி வேறன்று. இந்தியனின் கை நீள்வதைப் போலவே இதுவும் நடவாத செயல்தான். எனினும், நாயகன் செய்யும்போது அது 'பயிற்சியின் பயன்' எனப் போற்றப்படுகிறது. அயலான் செய்யும்போது 'விந்தை' எனவும் 'அச்சுறுத்தல்' எனவும் காட்டப்படுகிறது. ஆற்றல் ஒன்றே, அதனை உடையான் யார் என்பதே அதன் மதிப்பைத் தீர்க்கிறது. அயலாரைப் பற்றிய தவறான எண்ணங்கள் உருவாகும் வழியை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

காஞ்சியும் ஷாவோலினும்

இந்தியனை இங்ஙனம் இழித்துக் காட்டியமைக்கு மறுமொழியாகத் தமிழர் பலரும் போதிதருமரின் வரலாற்றை எடுத்துக் கூறுவதுண்டு. காஞ்சியைச் சேர்ந்த பல்லவ அரசிளங்குமரர் சீனம் சென்று ஷாவோலின் மடத்துத் துறவியர்க்குப் போர்க்கலை கற்பித்தார்; ஆகவே சீனப் போர்க்கலை யாவும் தமிழரின் கொடை என்பது அக்கூற்று. 2011ஆம் ஆண்டில் ஏ. ஆர். முருகதாஸ் இயக்கி, சூர்யா நடித்த 'ஏழாம் அறிவு' என்னும் திரைப்படம் இதனைத் தமிழ் வழங்கும் நாடெங்கும் பரப்பிற்று.

இக்கூற்றின் உண்மையை ஆராய்தல் கற்றோர் கடன். போதிதருமரைக் குறிக்கும் மிகப் பழைய சீனநூல் 547ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட உலோயாங் நகரத்து மடங்களின் வரலாறு. அஃது அவரைப் பாரசீகர் என்கிறது. அதனையடுத்து எழுந்த பிறிதொரு குறிப்பு அவரைத் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தாவோசுவான் என்னும் துறவி தென்னிந்திய அந்தணர் என்கிறார். எனவே, தென்னாட்டுத் தொடர்பு பழமையானதே. காஞ்சி, பல்லவர் என்னும் பெயர்களோ அப்பழைய சான்றுகளில் இல்லை, பிற்காலத்து வழக்கில் வருவன.

போர்க்கலை பற்றிய பகுதியோ இன்னும் வலியற்றது. பழைய நூல்கள் யாவும் போதிதருமரைத் தியானநெறியின் ஆசிரியராகவே கூறுகின்றன, போர்க்கலையாசிரியராகக் கூறவில்லை. அத்தொடர்பு 'தசைநார் மாற்றும் நூல்' எனப் பொருள்படும் 'யிசின் சிங்' என்பதனால் எழுந்தது. அதற்குப் போதிதருமரே ஆசிரியர் என அதன் முன்னுரை கூறினும், அது 1624ஆம் ஆண்டளவில் தாவோ நெறியினர் ஒருவரால் ஆக்கப்பட்டதென அறிஞர் முடிவு செய்துள்ளனர். சீனப் போர்க்கலை வரலாற்றாசிரியராகிய தாங் ஹாவோ இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இக்கதையை மறுத்தார். ஷாவோலின் மடத்தைப் பற்றி 2008ஆம் ஆண்டில் விரிவான நூலொன்றை வெளியிட்ட மெய்ர் ஷாஹர் அதனை மேலும் உறுதிப்படுத்தினார். ஷாவோலின் துறவியர் போரிற் கலந்துகொண்டமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. 621ஆம் ஆண்டில் பின்னாளைய தாங் பேரரசருக்கு அவர்கள் துணைபுரிந்தனர் என 728ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கல் கூறுகிறது. அக்கல்லில் போர்க்கலை இந்தியாவினின்று வந்ததென்னும் செய்தி இல்லை.

இதனாற் தமிழர்க்கு இழுக்கு யாதும் இல்லை. மற்போருக்குப் புறநானூறு சான்று. மாமல்லன் என்னும் விருதுப்பெயர் சான்று. சிலம்பமும் வர்மமும் இன்றும் பயிலப்படுகின்றன. உள்ள செல்வத்தைப் பேணாது இல்லாத செல்வத்துக்கு உரிமை கொண்டாடுதல் வறியோர் செயலாகும். மேலும், இந்தியன் என்றால் மாயக்காரன் என்பதும், தமிழன் என்றால் உலகின் ஆசான் என்பதும் ஒரே பிழையின் இருபக்கங்கள். ஒருவனுடைய பிறப்பிடம் ஒன்றைக் கொண்டே அவனை முழுதும் அறிந்ததாகக் கருதும் பிழை அது.

முதியவரின் பிழை

அப்பிழையை இப்படமே ஓரிடத்திற் காட்டிவிடுகிறது என்பதுதான் வியப்பு. கட்புலனற்ற முதியவர் தம் பகைவனை ஒற்றைக்கை என்னும் ஓர் அடையாளத்தால் மட்டுமே அறிவார். அவ்வடையாளம் உடையார் யாவரும் அவர்க்குப் பகைவரே. தீங்கு யாதுஞ் செய்யாதார் சிலர், ஒரு கை இல்லை என்னும் காரணத்தால் மாள்கின்றனர். ஒருவன் செய்த செயலுக்கு அவனை ஒத்தார் அனைவரையும் ஒறுத்தல் எத்துணைக் கொடிது என்பதை இதனினும் எளிய கதையால் விளக்கவியலாது. இத்தீவிலும் பிறநாடுகளிலும் பெயரையும் பேச்சையும் அடையாளமாகக் கொண்டு மாந்தர் துன்புறுத்தப்பட்ட ஆண்டுகளை அறிந்தோர்க்கு, அக்கதை வெறுங்கதையாகத் தோன்றாது.

எனினும் அம்முதியவர் கொடியோர் மட்டும் அல்லர். முதற்பாகத்தில் இலாமாக்கள் இருவரும் வீழ்ந்தபோது காண்போர் கைகொட்டினர். அவ்விருவரையும் வளர்த்துக் கற்பித்த ஒருவர் எங்கோ ஒரு மலையிற் காத்திருக்கிறார் என்பதை அப்போது யாரும் எண்ணவில்லை. இரண்டாம் பாகம் அக்குடிலின் கதவைத் திறந்து காட்டுகிறது. ஒரு களத்தின் வெற்றி பிறிதொரு வீட்டின் இழவு என்னும் உண்மையை, முதற்பாகம் சொல்லாது விட்டதை, இரண்டாம் பாகமே சொல்கிறது. இழிந்ததெனக் கருதப்படும் இரண்டாம் பாகத்துக்கு இயலும் உயர்ந்த பணி இதுவே. வாங் யூவின் படம் அப்பணியைத் தொடங்கியது. ஆயின், முதியவரைக் கொடியராக்கிக் கொன்றதோடு அதனை இடையில் விட்டுவிட்டது.

இதற்கு மாறாக, 2021ஆம் ஆண்டில் பா. இரஞ்சித் இயக்கி வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' என்னும் தமிழ்ப்படத்தை நோக்கலாம். வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றிய அப்படத்தில், ஒவ்வொரு வீரனுக்கும் ஓர் ஆசிரியர் உண்டு. தாயும் மனைவியும் உண்டு. 1975இல் தொடங்கிய நெருக்கடிநிலைக் காலத்து அரசியலும் உண்டு. அதனால் மேடையில் விழும் ஒவ்வோர் அடியும் மேடைக்கு வெளியிலுள்ளார் மீதும் விழுகிறது. அப்படத்துக்கும் இரண்டாம் பாகம் எடுக்கப்படும் என 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. வென்றவனுக்கு மேலும் ஒரு வெற்றியைத் தருவதா, தோற்றவரின் வீட்டையுங் காட்டுவதா என்பதே எந்த இரண்டாம் பாகத்தையும் எதிர்நோக்கும் வினா.

சங்கப் புலவர் இதனை முன்னரே அறிந்திருந்தனர். சாத்தந்தையார் கிள்ளியின் மற்போரைப் பாடியபோது, அவனோடு மாறுபட்டிருந்த தந்தையாகிய தித்தன் அதனைக் காணவேண்டுமென விழைந்தார். அவன் உவந்து கண்டாலும் உவவாது கண்டாலும் காண்க என்பது அவர் கருத்து. நக்கண்ணையார், வெற்றி இவனது என்போரும் அன்று என்போருமாகிய ஊராரின் நடுவே தம் நெஞ்சம் பட்ட பாட்டைக் கூறினார். பகைத்த தந்தை, காதல் கொண்ட பெண், இருவகையாகப் பேசும் ஊர் ஆகியோரின் கண்களாலேயே மற்போர் அப்பாடல்களிற் பொருள் பெறுகிறது. மல்லனின் நாட்டைக் கொண்டு அவனை நகையாடும் வழக்கம் அங்கே இல்லை.

ஆகலின், நீள்கை யோகியைக் காணும் மாணவன் சிரிக்கலாம், அதிற் குற்றமில்லை. சிரித்தபின், அவ்யோகிக்குத் தாய் ஒருத்தி இருந்திருப்பாளே, அவனுக்கும் ஓர் ஊர் உண்டே என எண்ணுவானாயின், படம் எடுத்தோர் காணத் தவறியதை அவன் கண்டவனாவான். அயல்நாட்டு வீரனைக் காணும்போதும், அயல்மொழி பேசும் அண்டை வீட்டாரைக் காணும்போதும் அவ்வெண்ணமே அவனுக்குத் துணையாதல் வேண்டும். அன்பின் வழியைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊரில் வாழ்வோனுக்கு அது கடினமானதொரு பாடம் அன்று.